பதினாறாவது எபிசோடில் முட்டை இல்லை

கொரியத் தொடர் பார்க்கிறேன் என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்களோடு நான் இப்போதெல்லாம் வாதாடுவதில்லை. பேச்சுவார்த்தையையே நிறுத்திவிடுகிறேன். என் நாத்தனார் அப்படித்தான் போனாள். நெமிலிச்சேரியில் எங்கள் வீட்டுக்கு வந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரி இருக்கிறதே, யார் யார் என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டாள். அவள் பார்க்கிற சீரியலில் மூன்று மருமகள்களுக்கும் ஒரே பட்டுப்புடவை, ஒரே நெற்றிப்பொட்டு, ஒரே முறைப்பு. அதில் யார் யார் என்று உனக்கு எப்படித் தெரிகிறது என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு வருஷமாக அவள் வரவில்லை. எனக்குக் காபித்தூள் மிச்சம்.

என் வீட்டுக்காரர் அவ்வளவு தூரம் போகமாட்டார். ஒரே ஒரு தடவை "சப்ப மூக்கனுங்க" என்றார். அவருடைய மூக்கைப் பற்றி எனக்கும் பதினெட்டு வருஷமாக ஓர் அபிப்பிராயம் இருந்தது. அதைச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் போனை எடுத்தால் அவர் எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விடுகிறார்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கிற ஆள் இல்லை. இந்தத் தொடர்களை நான் திட்டுகிற மாதிரி என் நாத்தனாரால்கூடத் திட்ட முடியாது. கொரியாக்காரர்கள் முதல் எட்டு எபிசோடை எழுதும்போது இருக்கிற புத்தி பன்னிரண்டாவதில் காணாமல் போய்விடும். கதாநாயகி ரோட்டைக் கடந்தாலே லாரி வரும். லாரி வந்தால் யாருக்காவது ஞாபகம் போய்விடும். பணக்காரப் பையனின் அம்மா ஒரு கவரை மேஜைமேல் தள்ளி, என் மகனை விட்டுப் போய்விடு என்பாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் காதல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சீனாக்காரர்கள் நாற்பது எபிசோட் எடுப்பார்கள், அதில் முப்பதில் வெள்ளை அங்கி போட்ட தேவர்கள் மேகத்தில் நின்று ஆயிரம் வருஷம் காத்திருப்பார்கள். ஜப்பான்காரர்கள் பத்தோடு முடித்து, நாம் இன்னும் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கை அணைத்துவிடுவார்கள். தாய்லாந்தில் அறை விழாத எபிசோட் கிடையாது. துருக்கியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதற்குள் நான் அரை கிலோ பூண்டு உரித்துவிடுவேன்.

பிறகு ஏன் பார்க்கிறாய் என்றால், அவற்றில் மனிதர்கள் வேலை செய்கிறார்கள். ஒரு பெண் கடையைத் திறந்து, கீரையைக் கழுவி, தண்ணீரை வடித்து, எண்ணெய் விட்டுப் பிசைகிறாள். காமிரா அவசரப்படாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடி இடிக்காது. முகத்தை மூன்று தடவை கிட்டக் காட்டமாட்டார்கள். வருத்தமாக இருக்கிறவளிடம் யாரும் வசனம் பேசுவதில்லை, சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும்விட, பதினாறாவது எபிசோடில் கதை முடிகிறது. நம் ஊர் மாதிரி, கதாநாயகி கோபித்துக்கொண்டு போய்விட்டால் "இவருக்குப் பதில் இவர்" என்று வேறு ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி இன்னும் மூன்று வருஷம் இழுப்பதில்லை. ஒரு முடிவு என்று ஒன்று இருக்கிறது. அந்த முடிவில்தான் நான் கைவைத்தேன்.

எனக்கு வேலை அம்பத்தூர் எஸ்டேட்டில், காருக்குள் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டும் கம்பெனியில். கட்டுவது மற்றவர்கள். நான் சோதனை மேஜை. கட்டின் எல்லா முனைகளையும் பலகையில் மாட்டுவேன். ஒவ்வொரு ஒயரும் போக வேண்டிய ஓட்டைக்குப் போயிருந்தால் பச்சை விளக்கு எரியும், ஒன்று மாறியிருந்தாலும் பஸ்ஸர் கத்தும். கத்தினால் சிவப்புச் சீட்டு கட்டி ஓரமாக வைக்க வேண்டும். நாமே பிடுங்கிச் சரியான ஓட்டையில் செருகக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். தப்பைக் காட்டுவதோடு உன் வேலை முடிந்தது, கை வைக்காதே என்பார்கள். பதினோரு வருஷமாக நான் ஒரு கட்டில்கூடக் கை வைத்ததில்லை.

கம்பெனி வேன் நெமிலிச்சேரியில் கிளம்பும். நான்தான் முதல் ஆள். பட்டாபிராம் தாண்டி முத்தாபுதுப்பேட்டையில் என் தோழி ஏறுவாள். அவளுக்காக ஜன்னலோர இடத்தில் என் சாப்பாட்டுப் பையை வைத்திருப்பேன். என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஒயர் கட்டுகிற வரிசையில் இருப்பவள். அவள் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன்னால் சென்னீர்குப்பத்தில் வேறொருத்தியோடு குடியேறிவிட்டான். இவள் ஒரு பெண் குழந்தையோடு ஒற்றை அறைப் போர்ஷனில் இருந்தாள். அவன் பெயரைச் சொல்லமாட்டாள். "அந்தாளு" என்பாள்.

காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒன்றேகால் மணி நேரம் வேனில் போகும். அந்த நேரத்தில்தான் நான் தொடர் பார்ப்பேன். பேச்சு கொரியன், கீழே ஆங்கில எழுத்து. எழுத்து ஓடுகிற வேகத்துக்குப் படிக்க எங்கள் பிரிவில் வேறு யாராலும் முடியாது. நானும் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஆரம்பத்தில் திணறியவள்தான். கோபத்தில் படித்துப் படித்து வேகம் வந்துவிட்டது. அதனால் மத்தியானச் சாப்பாட்டு மேஜையில் நான் கதை சொல்கிறவள் ஆனேன். ஒரு நாளைக்கு ஒரு எபிசோட். அரை மணி நேரம். கதை சொல்கிறவள் தொட்டுக்கொள்ள எதுவும் கொண்டுவர வேண்டியதில்லை என்பது மேஜையின் சட்டம். என் டிபன் மூடியைத் திருப்பி நடுவில் வைப்பேன். ஆளுக்கு ஒரு கரண்டி அதில் போடுவார்கள். கதை நன்றாக இருந்த நாளில் மூடி நிரம்பும்.

மூடி நிரம்புவதற்காக மாற்றினேன் என்று சொல்லமாட்டேன். ஆத்திரத்தில் மாற்றினேன். முதல் தடவை ஒரு மாமியார் கதாநாயகி முகத்தில் தண்ணீரை ஊற்றினாள். அவர்களுக்கு அது ஒரு வழக்கம். அந்தப் பெண் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு வெளியே போனாள். எனக்கு ரத்தம் கொதித்தது. மத்தியானம் சொல்லும்போது, கதாநாயகி பக்கத்து மேஜை ஜக்கை எடுத்துத் திருப்பி ஊற்றினாள் என்று சொல்லிவிட்டேன். மேஜையே தட்டியது. அன்றைக்கு என் மூடியில் இரண்டு துண்டு வஞ்சிரம் விழுந்தது. அதற்குப் பிறகு குடிகார அப்பனை மகள் மன்னிக்கவில்லை. இரண்டாவது கதாநாயகன் தனியாக நின்று மழையைப் பார்க்கவில்லை, நல்ல பெண்ணாகப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டான். கொரியாவில் எவ்வளவு பெரிய அயோக்கியனாக இருந்தாலும் கடைசி எபிசோடில் ஒரு கேன்சர் வந்தால் போதும், எல்லாரும் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். என் மேஜையில் கேன்சர் வந்தவன் அயோக்கியனாகவே செத்தான்.

மேஜையில் ஒருத்திக்கு மட்டும் சந்தேகம் இருந்தது. பூந்தமல்லிக்காரி, ஐம்பது வயது இருக்கும், பாய் வீட்டம்மா. துருக்கித் தொடர்களைத் தமிழ் டப்பிங்கில் பார்ப்பவள். ஒரு கதை எப்படிப் போகும் என்று அவளுக்கும் ஒரு கணக்கு உண்டு. நான் சொல்லி முடித்ததும், "ஏம்மா, அந்த ஊரு ஆளுங்க இவ்ளோ ரோஷமாவா கீறாங்க" என்று கேட்பாள். நான் மூடியை என் பக்கம் இழுத்துக்கொள்வேன்.

அப்போதுதான் அந்தத் தொடர் வந்தது. ஒரு சின்ன ஊரில் தொடுகறி விற்கிற கடைக்காரி. புருஷன் விட்டுப் போய் ஆறு வருஷம். கடன் இல்லாமல், கண்ணீர் இல்லாமல், ஒரு அலமாரி, இரண்டு அடுப்பு என்று அவள் கடையை நிமிர்த்துகிற கதை. அதை எடுத்தவனுக்குக் கைப்பக்குவம் இருந்தது. முள்ளங்கி நறுக்குகிற சத்தத்தை வைத்தே அவள் இன்றைக்கு எந்த மனநிலையில் இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். ஊரில் ஒரு மாட்டு டாக்டர், மனைவியை இழந்தவர், தினமும் வந்து ஒரே ஒரு டப்பா கறி வாங்கிக்கொண்டு போவார். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில் அதற்கு இணை இல்லை, இப்போதும் சொல்கிறேன். பதினைந்து எபிசோட் வரைக்கும்.

என் தோழி அந்தக் கதையை மட்டும் மத்தியானம் வரை பொறுக்கமாட்டாள். வேனிலேயே என் தோளில் சாய்ந்து, புரியாவிட்டாலும் படத்தைப் பார்ப்பாள். அவ அடுப்பு மாத்திட்டாளா, அவ அந்த டாக்டரப் பாத்து சிரிச்சாளா என்று நச்சரிப்பாள். கடைசி எபிசோடை நான் சாயங்கால வேனில் பார்த்தேன். அவள் அன்றைக்கு அசதியில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

மழை பெய்கிறது. புருஷன் வந்து கடை வாசலில் நிற்கிறான். தோற்றுப் போன மூஞ்சி. அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்க்கிறாள். பிறகு இன்னொரு கிண்ணம் எடுத்து, அதில் சோறு போட்டு, அவன் பக்கம் நகர்த்துகிறாள். அவன் அழுதுகொண்டே சாப்பிடுகிறான். பாட்டு. அவ்வளவுதான். மாட்டு டாக்டருக்கு ஒரு வழி சொல்லக்கூட அவர்களுக்கு நேரமில்லை. பதினாறு மணி நேரம் ஒருத்தியை எழுந்து நிற்க வைத்துவிட்டு, கடைசி ஐந்து நிமிஷத்தில் அவளை மறுபடி சோறு போடுகிறவளாக ஆக்கிய அந்த எழுத்தாளர் என் எதிரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுத முடியாது. போனை அணைத்து மடியில் கவிழ்த்தேன். பக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். இவளிடம் இதை நான் சொல்லப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மேஜையில் சொன்னேன். மழை. அவன் வந்து நிற்கிறான். அவள் பார்க்கிறாள். பார்த்துவிட்டு ஷட்டரை இறக்குகிறாள். உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்து, ஒரே ஒரு முட்டையை உடைத்து ஊற்றுகிறாள். ஓரம் மொறுமொறுவென்று வரும் வரை காத்திருக்கிறாள். சூடான சோற்றின்மேல் அதை வைத்து, தனியாக உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுகிறாள். வெளியே அவன் கூப்பிடுகிறான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்தது.

அந்த முட்டை எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாயில் வந்தது. பூந்தமல்லிக்காரிகூட அன்றைக்குச் சந்தேகம் கேட்கவில்லை. என் தோழி மட்டும், அவ அழுவலையா என்று கேட்டாள். அழவில்லை என்றேன். அவன் போயிட்டானா என்றாள். போய்விட்டான் என்றேன். மூடியில் இருந்த உருளைக்கிழங்கை எடுத்துச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை வேனில் ஏறியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. முந்தின நாள் காலையில் அந்தாளு வந்திருக்கிறான். கூட அவன் அக்காவும் அக்கா புருஷனும். சென்னீர்குப்பத்துக்காரி அவனைத் துரத்திவிட்டாள் போலிருக்கிறது. ஆனது ஆகிவிட்டது, குழந்தைக்காகச் சேர்ந்துகொள் என்று அக்காக்காரி வாசலிலேயே பஞ்சாயத்து பேசியிருக்கிறாள். அக்கம்பக்கம் முழுக்க வந்து நின்றிருக்கிறது. இவள் கிரில் கேட்டைச் சாத்திப் பூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறாள்.

"முட்ட ஒன்னு இருந்துச்சுக்கா. ஒடச்சி ஊத்துனேன். சோத்து மேல வெச்சி துன்னேன். தொண்டைல எறங்கல. ஆனா முழுசா துன்னுட்டேன்."

நீ ஆம்பளைடி என்று சொல்ல வந்து, அது என்ன பாராட்டு என்று நிறுத்திக்கொண்டேன். அவள் கையை அம்பத்தூர் வரைக்கும் விடவில்லை. அந்தத் தொடரில் அப்படி நடக்கவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு விநாடிகூட எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த எழுத்தாளரை நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இதை மறைத்து நல்லவளாகக் காட்டிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

ஒரு வருஷம் போனது. பிறகு அந்தத் தொடருக்குத் தமிழ் டப்பிங் வந்தது.

டப்பிங்கைப் பற்றி எனக்கு ஏற்கெனவே வயிற்றெரிச்சல். முள்ளங்கி நறுக்குகிறவள் "ஐயகோ, இதை நான் எவ்வாறு ஏற்பேன்" என்கிற தொனியில் பேசுவாள். மாட்டு டாக்டருக்குப் பத்து வில்லன்களுக்குக் குரல் கொடுத்த தொண்டை. அவர் மௌனமாக நிற்கிற இடத்திலெல்லாம் "ம்", "ஓ" என்று நிரப்பியிருந்தார்கள். நான் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு மூடினேன். மூடியது என் முட்டாள்தனம். மற்றவர்கள் மூடுவார்களா என்று யோசித்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை முத்தாபுதுப்பேட்டையில் வேன் நின்றது. நான் ஜன்னலோரத்திலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஏறினாள். என்னைப் பார்த்தாள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் போய் உட்கார்ந்தாள். உடம்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மத்தியானம் மூடியைத் திருப்பி வைத்தேன். ஒருத்தியும் கரண்டியை எடுக்கவில்லை. பூந்தமல்லிக்காரிதான் ஆரம்பித்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளில் மொத்தத்தையும் பார்த்து முடித்திருக்கிறாள். அவர்கள் தெருவில் நாலு வீட்டில் பார்த்தார்களாம். கடைசியில் அவள் சோறு போடுகிறாளே, அது என்ன அழகாக எடுத்திருக்கிறான் என்றாள். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவுகிற குழாயடியில் என் தோழி எனக்காக நின்றிருந்தாள். தண்ணீரை மூடாமல் பேசினாள்.

"அதுல முட்டையே இல்லக்கா."

நான் வாயைத் திறந்தேன். என்னுடைய கோபம் முழுவதையும் கொட்டினேன். அந்த முடிவு கேவலமானது, எழுதியவருக்குப் புத்தி இல்லை, பதினைந்து எபிசோடாக வளர்த்தவளை ஐந்து நிமிஷத்தில் கொன்றுவிட்டார், நான் சொன்னதுதான் நியாயமான முடிவு என்றேன். அவள் குறுக்கே பேசவில்லை. நான் களைத்து நின்ற பிறகு குழாயை மூடினாள். எனக்கு இன்னும் ரோஷம் அடங்கவில்லை. அவனைச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறாயா என்று கேட்டேன்.

"சேத்துக்கினு இருக்க மாட்டேன். அதான் சொல்றேன். நானே சாத்தியிருப்பேன். இப்ப அந்த கேட்ட நான் சாத்துனேனா, நீ சாத்துனியான்னு எனக்கே தெரில."

பஸ்ஸர் அடித்தது. வேலை நேரம். அவள் வரிசைக்குப் போய்விட்டாள். நான் மேஜைக்கு வந்து கட்டுகளை மாட்ட ஆரம்பித்தேன். எல்லாம் பச்சை.

அதற்குப் பிறகு மேஜையில் யாரும் கதை கேட்கவில்லை. ஆளுக்கு ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு டப்பிங். நான் வீட்டிலிருந்தே பொரியல் கொண்டுவந்தேன். மூடியை மூடியாகவே வைத்துக்கொண்டேன். ஒருத்தி என்னைப் பார்த்து, உன் புருஷனைப் பற்றிச் சொல்வதாவது உள்ளதா, அதையும் மாற்றித்தான் சொல்கிறாயா என்று கேட்டாள். இன்னொரு நாளாக இருந்திருந்தால் அவளைக் கிழித்திருப்பேன். எனக்கு வாய் வரவில்லை, அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.

அவள்மேலும் எனக்குக் கோபம் இருந்தது. நான் ஒரு கதையை நல்லதாக்கித்தானே சொன்னேன், அவளைக் கெடுக்கவில்லையே, அந்தக் காலைப்பொழுதில் அவள் தைரியமாக நின்றாளே, அதற்கு ஒரு நன்றி இல்லையே என்று வேனில் அவள் பின்னந்தலையைப் பார்த்து மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வருவேன். ஆவடி தாண்டுவதற்குள் ஜெயித்துவிடுவேன். அம்பத்தூர் வருவதற்குள் தோற்றுவிடுவேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவள் நேராக என் எதிரில் வந்து உட்கார்ந்து, ஒரு நீளக் கவரை என் டிபன்மேல் வைத்தாள். வக்கீல் நோட்டீஸ். ஆங்கிலம். இரண்டு பக்கம்.

"படி. உள்ளது உள்ளபடி படிச்சி சொல்லு."

மேஜை முழுக்க இயர்போனைக் கழற்றியது. நான் படித்து, வரி வரியாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அவன் திருந்தி வந்து சேர்ந்து வாழ அழைத்ததாகவும், அவள் காரணமில்லாமல் மறுத்ததாகவும் எழுதியிருந்தது. பதினைந்து நாளுக்குள் சேர்ந்து வாழச் சம்மதிக்காவிட்டால் கோர்ட்டுக்குப் போவானாம். அவன் வேறொருத்தியோடு இருந்தது பற்றி ஒரு வரி கிடையாது. "கருத்து வேறுபாட்டால் சில காலம் வெளியே தங்கியிருந்தார்" என்று இருந்தது. நாக்கு துடித்தது. அப்படியே சொன்னேன்.

இரண்டாவது பக்கத்தில் அது இருந்தது. கண் முதலில் போய் அதில்தான் விழுந்தது. அவன் பெரியவர்களோடு வாசலில் நின்றிருக்க, அவள் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே போய், முட்டை பொரித்து, ஊரார் பார்க்கத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். இது தன் கட்சிக்காரருக்கு இழைக்கப்பட்ட மனரீதியான கொடுமை.

முட்டை. ஆங்கிலத்தில், டைப் அடித்து, வக்கீல் கையெழுத்தோடு.

அந்த வரியைத் தாண்டிவிட எனக்கு ஒரு விநாடி போதும். எத்தனை பதினாறு எபிசோடில் எத்தனை வரிகளைத் தாண்டியிருக்கிறேன். அடுத்த பத்தி குழந்தையைப் பற்றியது. அங்கே போய்விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது. தண்ணீர் குடித்தேன். பிறகு அந்த வரியைப் படித்தேன். முட்டை என்ற வார்த்தையை முட்டை என்றே சொன்னேன். மிச்சத்தையும் படித்து, காகிதத்தை மடித்து அவளிடம் நீட்டினேன்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தே பக்கத்து ஊட்டு டீச்சரு படிச்சி சொல்லிட்டாங்க. நீ முட்டைய படிப்பியா, தாண்டிப் போவியான்னு பாக்கத்தான் எட்த்தாந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷம் பலகையில் மாட்டிப் பார்த்தவளை ஒருத்தி பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டாள். கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனாலும் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"அத உனக்கு சொல்ல மாட்டேன்க்கா" என்றாள். சத்தமில்லாமல், சண்டை இல்லாமல் சொன்னாள். கவரை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு பதினைந்து நாளும் போய், நாலு மாதமும் ஆகிவிட்டது. நான் இன்னும் பார்க்கிறேன். இப்போது ஒரு சீனத் தொடர், முப்பத்தாறு எபிசோட், இருபதாவதில் இருக்கிறேன், கதாநாயகனுக்கு ஞாபகம் போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்க்கிறேன், யாரிடமும் சொல்வதில்லை. முத்தாபுதுப்பேட்டையில் வேன் நிற்கும்போது ஜன்னலோரத்திலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறேன். அவள் டிரைவருக்குப் பின்னால் உட்காருகிறாள்.

அவள் என்ன பதில் அனுப்பினாள், கோர்ட்டுக்குப் போனாளா, அந்தாளு கேட்டுக்கு உள்ளே இருக்கிறானா வெளியே இருக்கிறானா என்று எனக்குத் தெரியாது. பூந்தமல்லிக்காரிக்குத் தெரியும். மேஜையில் எல்லாருக்கும் தெரியும். மத்தியானம் நான் டிபனை எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.